முன் டயர் இரண்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள், அண்ணி, வாயாடி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? காது ஏதாவது தேவலையா? போன வாரம் அண்ணியிடம் போனில் பேசும்போது பின்னால் நீங்கள் "யாரு? யாருடி அது?" என்று கத்தியது இங்கே என் பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்டது. சைலன்சர் கழற்றிய எஞ்சினுக்குள் வருஷக்கணக்காகத் தலையை விட்டால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் எழுதுகிறேன். கத்திச் சண்டை போடுவதைவிட எழுதிச் சண்டை போடுவது தொண்டைக்கு நல்லது.

ஆமாம், சண்டைக்கான விஷயம்தான். எங்கள் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார், நீங்கள் வாழ்நாள் முழுக்க ரிப்பேர் பார்த்துவரும் அதே ரெண்டு சீட் வண்டி, அடுத்த மாடலில் ஆல் வீல் டிரைவாக வருகிறது. பின் சக்கரம் மட்டும் தள்ளாது, முன் சக்கரமும் இழுக்கும். அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவன் நான். பத்திரிகையில் பார்த்துவிட்டுக் கரித்துக் கொட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

திட்டுங்கள். ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் திட்டுங்கள். இப்போதைய எஞ்சினின் சக்தியை ரெண்டு பின் டயரால் ஈரத்தில் தரையில் பதிக்க முடியவில்லை. மழையில் வால் சுழன்றால் பிடித்து நிறுத்த உங்களுக்குக் கை இருக்கிறது. வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிறதா? என் தாடையில் இருக்கும் தழும்பைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கிழவி என்று கொஞ்சும் உங்கள் பழைய வண்டியில், உங்கள் பக்கத்து சீட்டில், மழையில் வாங்கியது.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான், உன் அண்ணி, என் மகள், உன் செல்லம் வாயாடி, கிழவி எல்லாரும் சுகம். கிழவிக்கு மட்டும் கார்பரேட்டரில் கொஞ்சம் சளி. உன் சுகத்துக்கு எழுது. அந்த ஊர்ச் சாப்பாட்டில் எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்று போட்டோவைப் பார்த்து அண்ணி மூக்கைச் சிந்தினாள்.

யோசித்துவிட்டுத் திட்டச் சொன்னாய். ரெண்டு வாரம் யோசித்தேன். இப்போது திட்டுகிறேன்.

முன் சக்கரத்துக்கு ஒரே வேலை, திரும்புவது. பின் சக்கரத்துக்கு ஒரே வேலை, தள்ளுவது. அவனவன் வேலையை அவனவன் பார்த்ததால்தான் அந்த வண்டிக்கு இத்தனை வருஷமாகப் பேர். திரும்ப வேண்டியவனைக் கூப்பிட்டு "நீயும் கொஞ்சம் இழுடா" என்றால் அவன் ரெண்டையும் கெடுப்பான். ஸ்டியரிங் பிடித்தால் ரோடு கையில் பேசும் தம்பி. சின்னக் கல்லைக்கூடச் சொல்லும். நீ அதன் வாயில் துணியை அடைத்துவிட்டு, பாதுகாப்பு என்கிறாய்.

வால் சுழலும் என்றால் ஓட்டுபவன் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொள்ள முடியாதவனுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்? குடும்பத்தோடு போக வேன் விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளட்டும். நாலு காலில் ஓடுவது நாய். இனி உன் வண்டிக்கு என் வாயில் 'நாலுகால்' என்றுதான் பேர்.

தழும்பாம் தழும்பு. பஞ்சுமிட்டாய் பிடுங்கின குழந்தை மாதிரி நீ அழுததுதான் எனக்கு ஞாபகம். அதை மனசில் வைத்துக்கொண்டா ஒரு காரையே பாழாக்கினாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மேலதிகாரியிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அண்ணன் சொல்றதுல பாதி சரி" என்றார். எந்தப் பாதி என்று கேட்டேன், சொல்லவில்லை.

வாயாடி படிப்பை முடித்தால் கார் என்று அவளுக்குப் பால் பல் விழுந்த வயசில் வாக்குக் கொடுத்தேன். அவள் மறக்கவே இல்லை. மாதம் ஒருமுறை "சித்தப்பா, வாக்கு வாக்குதானே?" என்று குறுஞ்செய்தி. முதல் தொகுதியில் ஒரு வண்டி, சிவப்பு, இந்த மாதக் கடைசியில் உங்கள் ஒர்க்ஷாப் வாசலில் வந்து இறங்கும். உங்களுக்கு இல்லை, அவளுக்கு. முதல் மாதம் நீங்கள் ஓட்டிப் பாருங்கள், பிறகு அவளிடம் கொடுங்கள். நீங்கள் தொட்டுப் பார்க்காத வண்டியில் அவளை உட்கார வைக்க எனக்கே மனசு வராது.

ஒரே ஒரு விஷயம். பின் வீல் டிரைவில் பின் டயர்தான் சீக்கிரம் தேயும், ரெண்டை மட்டும் மாற்றுவீர்கள். இதில் அப்படிச் செய்யக் கூடாது. மாற்றினால் நாலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். தேய்ந்த டயர் சுற்றளவில் சின்னது. முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு என்றால் சக்கரங்கள் வேறுவேறு வேகத்தில் சுற்றும். நடுவில் முன் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் கிளட்ச் பெட்டி இருக்கிறதே, அது ஓயாமல் வழுக்கிச் சூடேறும். தாங்காமல் போனால் முன் சக்கரத்துக்குச் சக்தி போவதை அறுத்துவிட்டுவிடும். நட்ட நடு வளைவில்கூட விடும்.

உங்களுக்குப் போய் டயர் பாடம் நடத்துகிறேன், சிரிக்காதீர்கள்.

உங்கள் தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நாலுகால் வந்து சேர்ந்தது. வாயாடி அதன் பானெட்டைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நின்றாள். "இறங்குடி, பெயிண்ட் போயிடும்" என்று அண்ணி சத்தம் போட்டாள்.

ஒரு மாதம் ஓட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், நீயும் உண்மையைத் தாங்கிக்கொள். நல்ல மழையில் நீர்த்தேக்கத்து மேட்டில் விட்டேன். கிழவியாக இருந்தால் மூன்று இடத்தில் வாலை ஆட்டியிருப்பாள், நான் மூன்று இடத்தில் அவளோடு மல்லுக்கட்டியிருப்பேன். இதில் ஒன்றும் நடக்கவில்லை. ஏறினேன், இறங்கினேன், வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். அதுதான் குறை. ஒன்றும் நடக்காத வண்டியை ஓட்டியவன் என்று யாரைச் சொல்வது?

ஆனால் ஒன்று. இறங்கி வரும்போது, வாயாடி பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டாள். கிழவியில் ஒரு நாளும் தூங்கினதில்லை. இதை நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லாதே.

இதன் வாலையும் ஆட்டிக் காட்டுகிறேன் என்று ஒர்க்ஷாப் பின்னால் உள்ள காலி மனையில் தினமும் வட்டம் போட்டதில் பின் டயர் ரெண்டும் மொட்டை. புதுசு மாற்றியாயிற்று. நாலையும் மாற்று என்று நீ எழுதினது ஞாபகம் இருக்கிறது. முன் டயரில் பாதிக்கு மேல் ரப்பர் அப்படியே இருக்கிறது தம்பி. நல்ல டயரைக் கழற்றி எறிய எனக்குக் கை வராது. நான் டயர் மாற்ற ஆரம்பித்தபோது நீ டிரவுசருக்குப் பித்தான் போடத் தெரியாதவன்.

அடுத்த வாரத்திலிருந்து வாயாடி ஓட்டுவாள்.

அன்புடன் அண்ணன்


ஜூன் 30

தம்பிக்கு,

இங்கே சுகம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டயர் விஷயத்தில் கோபமா? கோபத்தையாவது எழுது.

நாலுகாலின் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. வாயாடி காட்டினாள். அணைகிறது, மறுபடி எரிகிறது. நாலு சக்கரம் படம் போட்டிருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு விளக்கு எரியவிடுவது ஒரு பொழுதுபோக்கு, போன மாடலில் வைப்பர் தண்ணீர் தீர்ந்ததற்கே தீபாவளி மாதிரி எரிந்தது. இருந்தாலும் பிள்ளை ஓட்டுகிற வண்டி. என்ன விளக்கு அது, ஓட்டலாமா கூடாதா, உடனே எழுது.

போனில் சொல்லாதே. அண்ணி கேட்டு எனக்குச் சொல்வதற்குள் 'கிளட்ச்' என்பது 'கீச்கீச்' என்று ஆகிவிடும்.

பதிலை எதிர்பார்த்து,
அண்ணன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

வாயாடி வண்டியோடு மோதிய செய்தி கேட்டு ஓடி வந்து, ஆஸ்பத்திரி நடையில் மூன்று மணி நேரம் உங்கள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை நீங்கள். அண்ணிதான் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அதற்குள் வாயாடியை ஆபரேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

டாக்டரிடம் நேற்று பேசினேன். தொடை எலும்பு கூடிவிடும், முட்டிதான் சந்தேகம், பழைய மாதிரி மடங்காது என்றார். அவளிடம் இதை யார் சொல்வது? நீங்கள் சொல்லாதீர்கள், அண்ணி சொல்லட்டும்.

ஜூன், ஜூலை முழுக்க மழைத் தடத்தில் வண்டி சோதனை, ஊரில் இல்லை. திரும்பி வந்துதான் உங்கள் கடிதங்கள் ரெண்டையும் ஒன்றாகப் பிரித்தேன்.

விசாரணைக்குக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவார்கள். வண்டி உங்கள் ஒர்க்ஷாப்பில்தான் நிற்கிறது என்று அண்ணி சொன்னார். அப்படியே இருக்கட்டும். எதையும் தொட வேண்டாம், அண்ணா. கழுவக்கூட வேண்டாம்.

சாப்பிடுங்கள். அண்ணியைச் சாப்பிட வையுங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

உன் ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மூன்று பேர். கிளட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், உள்ளே கரி. எண்ணெய் கருகி நாற்றம் அடித்தது. வளைவில் முன் சக்கரத்துக்குச் சக்தி அறுந்து, பின் சக்கரம் மட்டும் தள்ளி, வால் சுழன்று, பிள்ளை நேரே தடுப்புச் சுவரில். பின் வீல் டிரைவை ஓட்டியே பழகாதவள், அந்த நொடியில் என்ன செய்வாள்? பிரேக்கை மிதித்தாள். நான் கிழவியில் கற்றுக்கொடுத்திருந்தால் மிதித்திருக்க மாட்டாள். 'வேண்டாம், நாலுகால் இருக்கே, இது பார்த்துக்கும்' என்று நீ கொடுத்த தைரியம்.

நாலு டயரையும் அளந்தார்கள். நாலும் ஒரே அளவு. கோளாறு வண்டியில்தான் என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

விளக்கு எரிகிறது என்று எழுதினேன். ஓட்டலாமா கூடாதா என்று கேட்டேன். மழைத் தடத்தில் இருந்தாயாம். யாரோ ஒருத்தன் மழையில் வழுக்காமல் போக வேண்டும் என்று நீ அங்கே நனைந்துகொண்டிருந்தாய், இங்கே உன் அண்ணன் மகள் வழுக்கினாள்.

நேற்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

அண்ணன்


அக்டோபர் 6

அன்புள்ள சித்தப்பா,

நலமா? நான் நலம் என்றுதான் ஆரம்பிக்கணும், வழக்கம் அது. பாதி நலம். இடது பக்கம் முழுசா நலம், வலது பக்கம் வாக்கரைக் கேட்டுப் பார்க்கணும். முட்டி விஷயத்தை அம்மா சொல்லிட்டாங்க. ஒரு நாள் அழுதேன். அப்புறம் பிசியோதெரபி அக்கா "அழறதுக்கும் கால் மடக்கறதுக்கும் ஒரே நேரம்தான் இருக்கு, எது வேணும்?" என்றாள். மடக்குகிறேன்.

உங்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாங்க. நீங்களே 'என் வடிவமைப்பில்தான் தப்பு' என்று எழுதிக் கொடுத்தீர்களாம். ஏன் சித்தப்பா?

எனக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, வீட்டுக்குள் போகாமல் வண்டியைப் பார்க்கணும் என்று அடம் பிடித்தேன். அப்பா மருந்துக் கடையில் மருந்து வாங்க நின்றிருந்தார். வண்டியின் நாலு டயரும் புதுசு. முன் ரெண்டிலும் முள் முள்ளாக அந்தப் புது ரப்பர் மயிர்கூடப் போகவில்லை. ஒரு மீட்டர்கூட ஓடாத டயர். ஆயில் டின்களுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே தேய்ந்த டயர் ரெண்டு, பக்கவாட்டில் தடுப்புச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டினபடி. நான் மோதின சுண்ணாம்பு. மறுநாள் பார்த்தால் காணோம்.

நாலையும் ஒரே நாளில் மாற்றணும் என்று நீங்கள் எழுதின கடிதத்தை அப்பா மேசையில் படித்தேன். ஆக, பின் டயரை மட்டும் மாற்றிவிட்டு என்னிடம் வண்டியைக் கொடுத்திருக்கிறார். விபத்துக்கு அப்புறம், உங்கள் ஆட்கள் வருவதற்குள், முன் ரெண்டையும் மாற்றியிருக்கிறார். எனக்கு அவர் செய்த முதல் தப்பு மேல் கோபமே இல்லை. ஆயுசு முழுக்க அப்படி மாற்றின கை, அது தானாகப் போகும். ரெண்டாவதுதான். நான் ஆபரேஷன் மேசையில் கிடக்கும்போது அவர் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தாரா என்று ராத்திரி எல்லாம் மணிக்கணக்குப் பார்க்கிறேன்.

ஆனால் இதையும் கேட்கணும். விளக்கைப் பற்றி எழுதின கடிதம் ஒரு மாசம் உங்கள் ஆபீசில் கிடந்ததே. அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, திட்டுதான் இருக்கும் என்று பிரிக்காமல் விட்டீர்களா? சோதனைக்குப் போகிற இடத்துக்குத் தபாலைத் திருப்பிவிடச் சொல்ல முடியாதா?

ரெண்டு பேரும் எனக்குப் பதில் சொல்லணும். அப்பாவிடம் கேட்டால் காது கேட்கவில்லை என்கிறார்.

உங்கள் வாயாடி


அக்டோபர் 19

என் வாயாடிக் கண்ணுக்கு,

நான் நலம். புது ஊரில் புது அறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போ. எல்லாம் பின் வீல் டிரைவ். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

பிசியோதெரபி அக்கா சொன்னதைத் தினமும் செய். வலிக்கிறது என்று பாதியில் விடாதே. குளிர் காலத்தில் முட்டியை மூடி வை.

டயரைப் பார்த்ததை யாரிடமும் சொல்லாதே. நான் வாயைத் திறந்தால் வேலை திரும்பக் கிடைக்கும், அந்த ஆல் வீல் டிரைவ் மாடலும் பிழைக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உன் காலை உடைத்தது உன் அப்பா என்று கம்பெனிக் காகிதத்தில் ஒரு முறை எழுதிவிட்டால், அப்புறம் நீங்கள் ரெண்டு பேரும் ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவீர்கள்? எனக்கு இங்கே தனி மேசை.

இதில் தியாகம் கியாகம் ஒன்றும் இல்லை, அப்படி நினைத்துக் கண் கலங்காதே. எனக்கு அவர் மேல் தாங்க முடியாத கோபம். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பிக்கிறது.

நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதவில்லை என்று தெரியும். அம்மாவுக்கு என் அன்பு.

சித்தப்பா


டிசம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கு எழுது. கடிதம் வேண்டாம் என்று நான்தான் எழுதினேன், நானே எழுதுகிறேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

வாயாடி வாக்கரை விட்டுவிட்டாள். கைத்தடிதான். மாடிப்படியில் ஒரு படிக்கு ரெண்டு கால் வைத்து ஏறுகிறாள். நான் பின்னாலேயே போனால் "அப்பா, தள்ளிப் போங்க" என்கிறாள். முன்பு மாதிரி வாயடிப்பது இல்லை. சாப்பிடும்போது என் தட்டைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

பத்திரிகையில் பார்த்தேன். உங்கள் கம்பெனி அந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பின் வீல் டிரைவாகவே விடப்போகிறதாம். 'பாரம்பரியத்துக்குத் திரும்புகிறோம்' என்று கொட்டை எழுத்து. என் வாடிக்கையாளர் ஒருத்தர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்க சொன்னது ஜெயிச்சிடுச்சு!" என்று கை கொடுத்தார். கை எல்லாம் கிரீஸ் என்று சொல்லிவிட்டேன். கிரீஸ் இல்லை.

விசாரணையில் நீ ஏன் பழியை உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று அண்ணி அடிக்கடி கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

அங்கே தனி அறையில் கிடந்து என்ன செய்கிறாய்? இங்கே வந்துவிடு. மாடி அறை காலிதான். ஒர்க்ஷாப்பில் வேலைக்குக் குறைச்சல் இல்லை. கிழவி மாதிரி எஞ்சின்களை நான் பார்த்துக்கொள்கிறேன். டயர் வேலையை நீ பார்த்துக்கொள். டயர் மாற்ற வருகிறவர்களை நான் இப்போது அடுத்த கடைக்கு அனுப்பிவிடுகிறேன். வயசாகிறது இல்லையா.

எப்போது வருகிறாய் என்று எழுது. அண்ணி அறையைக் கூட்டி வைத்துவிட்டாள்.

உன் அண்ணன்


ஜனவரி 2

அண்ணனுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை வாயாடி எழுதித் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பிரித்துவிட்டேன். இப்போதெல்லாம் யாருடைய கடிதம் வந்தாலும் வந்த அன்றே பிரிக்கிறேன். பதிலுக்குத்தான் நாளானது.

நான் வரவில்லை. அண்ணியிடம் மாடி அறையைப் பூட்டிவிடச் சொல்லுங்கள்.

டயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் வண்டி அனுப்பியபோதே எழுதிவிட்டேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இனி உங்களிடம்தான் இருக்கிறது, அதுவும் எனக்குச் சொல்ல வேண்டியது இல்லை. மாடிப்படியில் வாயாடியின் பின்னால் போகாதீர்கள். கீழே நின்று, அவள் இறங்கி வந்ததும் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் காது கேட்காது. அவளுக்கு நன்றாகக் கேட்கும்.

தம்பி